கிணற்றுப் பங்கும் உழைப்பின் பங்கும்: யாழ்ப்பாணத் தோட்டச் செய்கையின் சமூக அடித்தளம்

1

யாழ்ப்பாணத்துக் கமக்காரரைப் பற்றி நம்மிடையே நிலைபெற்றுவிட்ட படிமம் ஒன்றுண்டு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலத்தில், கல்லைத் தோண்டி நீர் கண்டு, சில பரப்புத் தரையில் ஆண்டு முழுவதும் பயிர் காட்டும் தனிமனித முயற்சியின் உருவமாக அவர் போற்றப்படுகின்றார். மேடைப் பேச்சுகளும் புலம்பெயர்ந்தோரின் நினைவுக் கட்டுரைகளும் இப்படிமத்தையே திரும்பத் திரும்ப வரைந்து வந்துள்ளன. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயின், ஒரு படிமம் எதனைக் காட்டுகின்றது என்பதோடு எதனை மறைக்கின்றது என்பதையும் வினவுவதே வரலாற்று நோக்கின் கடமையாகும்.

இவ்வினா இன்று புதியதொரு காரணத்தாலும் முக்கியம் பெறுகின்றது. பருவத் தொடக்கத்திலேயே நுகர்வோர் ஒரு சிறு தோட்டத்துக்கு முற்பணம் செலுத்தி, பருவம் முழுவதும் விளைவதைப் பகிர்ந்து பெற்று, விளைச்சல் பொய்த்தால் அந்த நட்டத்திலும் பங்கேற்கும் முறையொன்று உலகின் பல பாகங்களில் பரவியுள்ளது. யப்பானில் 1970களில் 'தெய்க்கெய்' என்ற பெயரில் உருவான உற்பத்தியாளர் - நுகர்வோர் உடன்பாடுகளும், ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 1986ஆம் ஆண்டளவில் தொடங்கிய தோட்டங்களும் இதன் முன்னோடிகளாகக் கூறப்படுகின்றன. சமூகம் தாங்கும் தோட்டம் என இதனை நாம் அழைக்கலாம். இதனைக் கேள்வியுறும் நம்மவர் சிலர், "இது எமக்குப் புதிதன்று, எமது தோட்டங்கள் என்றுமே ஊரால் தாங்கப்பட்டவை" என்று பெருமைப்படுவதுண்டு.

தாங்கப்பட்டவை என்பது உண்மை. தாங்கியவர் யாவர்? தாங்கியமைக்கு அவர் பெற்ற பங்கு யாது? இவ்விரு வினாக்களையும் தோட்டத்தின் மையமான கிணற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தோட்டச் செய்கையின் பொருளியல் அடித்தளத்தை விளங்கிக்கொள்வதற்கு அதன் பருவச் சுழற்சியை முதலில் நோக்குதல் வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பொழிகின்றது. அம்மழை கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தேங்குகின்றது. மாரி மூன்று மாதத்தில் நிலம் பெறும் இந்த வரவைக் கொண்டே கோடை முழுவதையும் கழித்தாக வேண்டும். சுன்னாகம், ஏழாலை, குப்பிழான், புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய், கோண்டாவில், இணுவில் முதலிய வலிகாமத்துக் கிராமங்களின் செம்பாட்டு மண்ணே இந்நீரால் மிகுந்த பயன் கண்டது.

புரட்டாதி, ஐப்பசியில் முதல் மழைக்கு முன்பின்னாகத் தரை பண்படுத்தப்படும். சணல் விதைத்து, அது வளர்ந்ததும் மண்ணோடு மடக்கி உழுவது பசளைக்கான பழைய வழிகளில் ஒன்று. பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியன நிற்கும் வேலிகள் எல்லைக் குறிகள் மட்டுமல்ல. அவை தோட்டத்தின் பசளைக் களஞ்சியமுமாகும். வேலிக் குழை போதாதவிடத்து வன்னியிலிருந்தும் குழை வந்தது. கார்த்திகையில் மிளகாய், கத்தரி, புகையிலை நாற்றுகள் மேடையில் நிற்கும். மார்கழி, தையில் நடுகை தொடங்கும். கோவா, பீற்றூட், உருளைக்கிழங்கு போன்றவை குளிர்ந்த இம்மாதங்களுக்குரியவை. தையிலிருந்து இறைப்பு தொடங்கி, மாசி பங்குனியில் உச்சத்தை அடையும். சித்திரையை ஒட்டி வெங்காயம் கிளறப்பட்டு, தாளோடு பிடிகளாகக் கட்டப்பட்டுக் கொட்டில்களில் தூங்கும். அதிற் சிறந்தது அடுத்த நடுகைக்கு விதையாக ஒதுக்கப்படும். சோளகக் காற்றுப் புழுதி வாரும் ஆனி, ஆடியிலும் கீரையும் கத்தரியும் பயிற்றையும் சந்தைக்குச் சென்றுகொண்டேயிருக்கும்.

இச்சுழற்சியில் ஓய்வு என்பது அரிது. 16 பரப்பு ஓர் ஏக்கராகும். சில பரப்பை மட்டுமே உடைய குடும்பம் ஒன்று அத்தரையிலிருந்தே ஆண்டுச் சீவனத்தைப் பெற வேண்டுமாயின், நிலத்தின் குறைவை உழைப்பின் மிகுதியால் ஈடுசெய்தல் தவிர்க்க இயலாதது. சிறு கமம் பெருங்கமத்தின் முன் நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதன் உற்பத்தித் திறனன்று, உழைப்பவர் தம்மையே வருத்திக்கொள்வதும் தம் தேவைகளைக் குறைத்துக்கொள்வதுமே என்று கவுட்ஸ்கி 1899இல் வாதித்தார். குடும்ப உழைப்புக்குக் கூலி கணக்கிடப்படுவதில்லை என்பதை அடிப்படையாகக் கொண்டு ருஷ்ய அறிஞர் சயனோவ் 1925இல் குடியானவப் பொருளாதாரம் பற்றிய தமது கோட்பாட்டை விரித்தார். இருவரும் முடிவுகளில் வேறுபட்டாலும், யாழ்ப்பாணத் தோட்டத்தைப் புரிந்துகொள்ள இருவரும் நமக்கு உதவுவர். ஆயின் இருவரது கோட்பாட்டுக்கும் அடங்காத ஒரு கூறு இங்குண்டு. அது சாதி.

3

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளுட் பல தனி ஒருவருக்குரியன அல்ல. சீதனமாகவும் முதுசொமாகவும் நிலம் பிரியுந்தோறும் கிணறும் பங்காகப் பிரிந்தது. நிலத்தைக் கூறுபோடலாம், கிணற்றைக் கூறுபோட இயலாது. ஆகவே பிரிக்கப்பட்டது நீரெடுக்கும் நேரமே. நான்கிலொரு பங்குடையவருக்கு நான்கு நாளில் ஒரு நாள் என்றவாறு இறைப்பு முறை வகுக்கப்பட்டது. காணி உறுதிகளில் நிலத்தின் எல்லைகளோடு கிணற்றுப் பங்கும், அதற்குச் செல்லும் வழியும், நீர் ஓடும் வாய்க்காலும் தனித்தனியே எழுதப்படுவது இன்றும் வழக்கம். பங்காளிகள் கூடிக் கிணறு கலக்கிச் சேறெடுப்பர். முறை தவறினால் வழக்கு மூளும்.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1706இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை இத்தகைய கூட்டுடைமைக்குச் சட்ட வடிவம் தந்தது. பங்கொன்றை விற்க முனைபவர் அதனை முதலிற் கூட்டுடைமையாளருக்கும் உரித்தாளருக்கும் அறிவித்தல் வேண்டும் என்ற முற்கொள்வனவு உரிமை, 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலும் தொடர்ந்தது. உடைமையாளர் தமக்குள் ஒருவரையொருவர் தாங்குவதற்கான ஏற்பாடு என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கதே. அயலவர் அந்நியரிடம் நிலம் இழப்பதையும், ஒருவரது வாய்க்காலை இன்னொருவர் மறிப்பதையும் அது ஓரளவு தடுத்தது.

ஆயின் அதே தேசவழமை அடிமைகள் பற்றிய விதிகளையும் உள்ளடக்கியிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பள்ளர், நளவர் முதலிய சாதியினர் அதில் உடைமைகளாகவே கருதப்பட்டனர். இலங்கையில் அடிமை முறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. சட்டம் ஒழித்தது மனிதரை உடைமையாக்கும் உரிமையை மட்டுமே. அவர்களுக்கு நிலத்தையோ கிணற்றுப் பங்கையோ அது வழங்கவில்லை. நிலமற்ற விடுதலை, வேறு பெயரில் பழைய உழைப்பாகவே நீடித்தது. தேசவழமையின் ஒரு பகுதி கிணற்றைப் பங்கிட்டது. மற்றொரு பகுதி இறைக்கும் கைகளைப் பங்கிட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்காத எந்த ஆய்வும் தோட்டத்தைத் தாங்கிய சமூகத்தின் பாதியையே காணும்.

4

துலாவால் இறைக்கும் முறையில் ஒருவர் அல்லது பலர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடப்பர். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைக் கவிழ்ப்பார். இன்னொருவர் வாய்க்கால் வழியே சென்று பாத்திக்குப் பாத்தி நீர் மாறுவார். விடியுமுன் தொடங்கி வெயிலேறும்வரை இது நிகழும். வசதி குறைந்த குடும்பங்களில் தந்தையும் மக்களும் அயலவருமே இவ்வேலையைச் செய்தனர்; ஒருவர் தோட்டத்தில் மற்றவர் வேலை செய்து, அதனை வேலையாகவே திருப்பிப் பெறும் வழக்கமும் இருந்தது. வசதி படைத்தோரின் தோட்டங்களில் துலா மிதித்தவரும், சாறியவரும், குழை தாழ்த்தவரும், புல் பிடுங்கியவரும் பெரும்பாலும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களே. வெங்காயம் நடுவதும் களையெடுப்பதும் பிடி கட்டுவதும் பெண்களின் வேலையாக இருந்தன. அவர்களுக்குக் கிடைத்த கூலி ஆண்களின் கூலியினும் குறைவு.

இங்கு வெளிப்படும் முரண்பாடு கூர்மையானது. தோட்டக் கிணற்றிலே பயிருக்கு நீரிறைக்கும் கைக்குத் தீட்டு இல்லை. அதே கை குடிப்பதற்காக ஊர்க் கிணற்றிலோ வீட்டுக் கிணற்றிலோ வாளியை இறக்கும்போது தீட்டு உண்டு. காலையில் ஆயிரம் பட்டை நீரைப் பிறர் பாத்திக்குப் பாய்ச்சிய குடும்பம், மாலையில் ஒரு குடம் நீருக்காகக் கிணற்றடியில் யாரேனும் அள்ளி ஊற்றும்வரை காத்து நின்றது. தீட்டு என்பது வெறும் மூடநம்பிக்கையாயின் அது உழைப்புக்கும் பொருந்தியிருத்தல் வேண்டும். உழைப்பை விலக்காது உரிமையை மட்டும் விலக்கியமையே அது உற்பத்தி உறவின் கருத்தியற் கவசம் என்பதைப் புலப்படுத்துகின்றது.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பொதுவிடங்களில் சாதி காரணமாகத் தடை விதிப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டில் இருந்தது. கிணறுகளும் தேநீர்க் கடைகளும் கோயில்களும் மூடியே இருந்தன. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனையடுத்துத் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் நடத்திய போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் இவ்வரலாற்றில் திருப்புமுனைகளாகும். தோட்டப் பிரதேசத்தின் சந்தை மையமாகிய சுன்னாகத்திலிருந்து அவ்வூர்வலம் புறப்பட்டமை தற்செயலாயினும் பொருள் பொதிந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) இக்காலப் போராட்டத்திலிருந்து முகிழ்த்த நாவல். அவரது மற்றொரு நாவல் 'தண்ணீர்' என்றே பெயர் கொண்டது. யாழ்ப்பாணத்துப் பொருளியல் ஆய்வுகள் நீரை ஏக்கரிலும் அடியிலும் அளந்துகொண்டிருக்க, அது யாருடைய நீர் என்ற வினாவை நமது படைப்பிலக்கியமே அழுத்தமாக எழுப்பியது.

5

1950களிலிருந்து பரவிய நீரிறைக்கும் இயந்திரம் துலாவை மெல்ல மெல்ல அகற்றியது. உற்பத்திச் சக்திகளின் இவ்வளர்ச்சி இருவகை விளைவுகளைத் தந்தது. துலா மிதிக்கும் வருத்தத்திலிருந்து மனிதர் விடுபட்டமை மறுக்கவியலாத முன்னேற்றமாகும். துலாக் காலத்தை எண்ணி ஏங்குவோர் பெரும்பாலும் துலா மிதித்தவரின் பிள்ளைகளல்லர். ஆயின் மனிதத் தசையின் எல்லையே கிணற்றிலிருந்து எடுக்கப்படும் நீரின் எல்லையாகவும் இருந்து வந்தது. இயந்திரம் அவ்வெல்லையை நீக்கியது. பங்கு முறை நேரத்தைப் பகிர்ந்ததேயன்றி நீரின் அளவைப் பகிரவில்லை. ஒரே நாள் முறையில் வலுக்கூடிய இயந்திரம் வைத்திருந்தவர் கூடிய நீரைப் பெற்றார்.

1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் முன்னொருபோதும் இல்லாத விலை கிட்டியது. பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்ட தரப்படுத்தலால் கல்வி வழி அடைபட்ட இளைஞர் பலரும் தோட்டத்துக்குத் திரும்பினர்; சிலர் முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற வன்னிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். கல்வீடுகள் எழுந்தன. இக்காலத்தைப் பொற்காலம் என்று நினைவுகூர்வோர், அது எவ்வகைச் சமூகத் தாங்கல் என்பதைச் சிந்திப்பதில்லை. தெற்கிலும் வடக்கிலும் உயர்விலை கொடுத்து மிளகாய் வாங்கிய சாதாரண நுகர்வோரே அன்று யாழ்ப்பாணத் தோட்டத்தைத் தாங்கினர். அத்தாங்கல் அரசின் ஆணையால் நிகழ்ந்தது. உற்பத்தியாளருக்கும் நுகர்வோருக்கும் இடையே நேரடி உறவெதனையும் அது உருவாக்கவில்லை. ஆதலால் 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் புகுத்தப்பட்டபோது அது ஒரு பருவத்துள் சரிந்தது. 1983 யூலை வன்செயல்களின் பின்னர் தென்னிலங்கைச் சந்தையுடனான தொடர்பும் குலையலாயிற்று.

நேரடி உறவின்மையால் எழும் இழப்பைச் சந்தையிலே தெளிவாகக் காணலாம். விதைக்கும் உரத்துக்கும் எரிபொருளுக்கும் முற்பணம் வேண்டிய கமக்காரருக்கு அதனைத் தந்தவர் பெரும்பாலும் வியாபாரி. விளைபொருளும் அவரிடமே சென்று சேர்ந்தது. மேலும், குடாநாட்டு மரக்கறிச் சந்தைகளில் 'கழிவு' என்ற பெயரால் நிறையில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக் கழித்துக் கணக்கிடும் வழக்கம் நீண்டகாலமாக இருந்து வந்துள்ளது. கமக்காரர் அதனைப் பலமுறை எதிர்த்தும் அது முற்றாக ஒழியவில்லை. பத்துப் பாத்தி கத்தரியில் ஒரு பாத்தியின் உழைப்பு தராசிலேயே மறைந்துவிடுகின்றது. முற்பணமும் நட்டமும் பகிரப்படும் முறையை நாம் யப்பானிலிருந்து கற்க வேண்டியதில்லை எனக் கூறுவோர், நமது ஊரில் முற்பணம் கடனாகவும் நட்டம் கமக்காரரின் தனிச் சுமையாகவும் இருந்ததை மறந்துவிடுகின்றனர்.

6

1990இல் மீண்டும் போர் மூண்டபோது மின்சாரம் நின்றது. யூரியாவும் மண்ணெண்ணெயும் தடைசெய்யப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களாயின. நிறுத்திவைத்த இயந்திரங்களுக்கருகே துலாக்கள் மீண்டும் தோன்றின. எருவும் குழையும் மறுபடி மதிப்புப் பெற்றன. வளவுகளில் மரவள்ளியும் கீரையும் பெருகின. இறக்குமதியும் ஏற்றுமதியும் அற்ற நிலையில் குடாநாட்டுத் தோட்டம் குடாநாட்டு மக்களுக்கே உணவளித்தது. கட்டாயத்தால் பிறந்த இத்தன்னிறைவை இலட்சியமாக்குவது தவறு. ஆயின் விளைவிப்பவரும் உண்பவரும் ஒரே ஊரினராக இருப்பின் தோட்டம் எத்தகைய தாக்கத்தையும் ஓரளவு தாங்கி நிற்கும் என்ற உண்மையை அது நிலைநாட்டியது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு அவ்வாண்டு நவம்பரிலேயே கைவிடப்பட்டபோதும், 2022இல் மண்ணெண்ணெய்க்காக மக்கள் வரிசையில் நின்றபோதும் இதே பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தனர். வலிகாமம் வடக்கின் செம்பாட்டு நிலங்களில் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. போர் 2009இல் முடிந்த பின்னர் படிப்படியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டனவாயினும் அனைத்தும் இன்னும் மீளவில்லை. காணி மீட்புப் போராட்டம் நியாயமானது. எனினும், உறுதி உடையவர் தம் காணிக்குத் திரும்பினார். அக்காணியில் தலைமுறைகளாக உழைத்து உறுதியற்றிருந்தவர் எதற்குத் திரும்புவது என்ற வினாவும் நியாயமானதே. இடம்பெயர்ந்தோர் முகாம்களில் மிக நீண்ட காலம் தங்கியோரில் நிலமற்ற சாதியினர் கணிசமாக இருந்தமை இதன் விளைவாகும்.

இதனிடையே நீரும் நோயுற்றது. மட்டுமீறிய இரசாயன உரம் கல்லின் வெடிப்புகளூடே இறங்கியமையால், வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைக் கடந்தது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அதன் அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழ முற்படும் என்பது நீரியற் கோட்பாடு. அளவின்றி இறைப்பவர் தம் அயலவரின் கிணற்றையும் உவராக்குகின்றார். சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையமொன்றின் எண்ணெய்க் கழிவால் கிணறுகள் மாசுற்றமை தொடர்பாக 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. கிணற்றுக்குப் பங்காளிகள் உண்டு. ஆயின் கிணறுகளுக்கெல்லாம் கீழுள்ள நீருக்கு உறுதியும் இல்லை, எல்லை வேலியும் இல்லை. உறுதியில் பெயரில்லாதவரும் அதனையே குடிக்கின்றனர். பங்குக் கிணற்றின் பழைய சட்டம் போதாது என்பதை இயற்கையே இங்கு உணர்த்துகின்றது.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன.

யாழ்ப்பாணத்துச் சிறு தோட்டம் தனிமனித முயற்சியால் மட்டும் நிலைத்ததன்று. அதனை ஒருபுறம் கிணற்றுப் பங்காளிகளின் உடன்பாடும், மறுபுறம் பங்கற்றவரின் உழைப்பும் தாங்கின. முதலாவது சட்டத்திலும் உறுதியிலும் எழுதப்பட்டது. இரண்டாவது எங்கும் எழுதப்படவில்லை. சமூகம் தாங்கும் தோட்டம் என்ற கருத்தை இன்று இம்மண்ணில் ஊன்ற விரும்புவோர் முதலில் இந்த எழுதப்படாத பங்கை எழுதியாதல் வேண்டும்.

அதன் நடைமுறைப் பொருள் யாது? நுகர்வோர் முற்பணம் தரும் கூட்டுறவுகள் அமையுமாயின், காணி உடையோரோடு காணியற்ற உழைப்பாளரும், அவர்களுள்ளும் குறிப்பாகப் பெண்களும், சம வாக்குடைய உறுப்பினராதல் வேண்டும். நட்டம் பகிரப்படும்போது கூலி வெட்டப்படலாகாது. இறைப்பு முறை நேரத்தால் மட்டுமன்றி நீரின் அளவாலும் வகுக்கப்படுதல் வேண்டும்; குடிநீருக்கு முதலுரிமை தரப்படல் வேண்டும். தரிசாகவும் உரிமையாளர் வெளிநாட்டிலிருக்கும் நிலையிலும் கிடக்கும் தோட்டத் தரைகள் நீண்டகாலக் குத்தகையில் நிலமற்றோர் குழுக்களுக்குக் கிடைக்க வழி காணுதல் வேண்டும். இலங்கையில் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கிய கூட்டுறவு இயக்கம் வடக்கிலே ஆழ வேரூன்றியது; இப்பணிக்கு வேண்டிய அமைப்பு வடிவம் நம்மிடம் ஏற்கெனவே உள்ளது.

இவை நிறைவேறாதவிடத்து, நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் வாசலுக்கு நஞ்சற்ற கீரைக் கட்டு வந்து சேரும். அக்கீரையைப் பிடுங்கியவரின் வீட்டுக் கிணற்றில் நீர் இருக்கின்றதா என்பதை எவரும் வினவார். பழைய உறவு புதிய கூடையில் வந்ததாகவே அது அமையும். தோட்டத்தைத் தாங்கிய கைகளின் பெயர் அடுத்த பருவத்தின் கணக்கேட்டில் இடம்பெறுமா என்பதே இன்று நம்முன் உள்ள வினா. அதற்கான விடை மண்ணிலோ மழையிலோ இல்லை; நமது சமூக உறவுகளை நாம் மாற்றும் விதத்திலேயே உள்ளது.